ஹெல்ப்பர்

சித்திரை, வைகாசியில் எங்க மலையில வேலை இருக்காது. காப்பிப் பழம் பறிப்பு தை மாசத்தோட முடிஞ்சிரும். மிளகும் பங்குனிக்குள்ள முடியும். பூ மழை பெஞ்சு காப்பி பூத்துட்டா, அடுத்து களை வெட்டுற வரைக்கும் எஸ்டேட்டில் எங்களுக்குக் கூலி கிடையாது. கீழ்ப்பழனி மலைக் காலனிகளில் எல்லா வீட்டுக்கும் அது கடன் வாங்குற மாசம். அதே மாசத்தில்தான் பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. எங்க பட்டினியும் அவங்க லீவும் ஒண்ணா வந்ததாலதான் எனக்கு அந்த வேலை கிடைச்சது.

1999 மே மாதம். பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வந்தார். அப்பாவை விடப் பத்து வயசாவது இளையவர். 'டா' போட்டுத்தான் பேசுவார்.

"ஏண்டா, மேல காட்டுக்குள்ள பிள்ளைகளுக்குக் கேம்ப் போடுறாங்க. மெட்ராஸ், பெங்களூர்ப் பிள்ளைக. எட்டு நாளு. சோறு போட்டு அறுபது ரூவா. ஒன் மகன அனுப்பு."

"என்ன வேலைங்க சாமி?"

"என்ன வேலை? எடுபிடிதான்."

கேம்ப் நடத்தியவர்கள் யாரும் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். படித்தவர்கள், காட்டை நேசிக்கிறவர்கள், நாகரிகமானவர்கள். நாலு ஆள் வேண்டும் என்று மட்டும்தான் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார்கள். மீதியை மேஸ்திரி பார்த்துக்கொண்டார். தண்ணி சுமக்க, விறகு பொறுக்க பறையர் தெருவிலிருந்து ரெண்டு பேர். குழி வெட்ட அருந்ததியர் தெருவிலிருந்து நானும் என் சித்தப்பா மகனும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமலே எல்லாம் அதது இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கேம்ப்பில் யார் யார் வேலை பார்த்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். எல்லாருக்கும் மேலே தலைமை சார். அவருக்குக் கீழே ஆறு இன்ஸ்ட்ரக்டர்கள். டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ மலையேற்றம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். முதுகில் 'ஸ்டாஃப்' என்று எழுதிய பச்சைப் பனியன் போட்டிருந்தார்கள். அடுத்து சமையல் மாஸ்டர். வத்தலக்குண்டில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். அவருக்கும் ஒரு பனியன் உண்டு. அவர் அதைப் போடவில்லை, வேட்டி துண்டுதான். அடுத்து ஒரு பளியர் தாத்தா. காட்டில் வழி காட்ட. கடைசியில் நாங்க நாலு பேர். எங்களுக்குப் பனியன் கிடையாது. பெயர் 'ஹெல்ப்பர்'.

கேம்ப்பில் ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் சார், மேடம் என்று யாரையும் கூப்பிடக் கூடாது. எல்லாரும் அண்ணா, அக்கா. காட்டுக்கு முன்னால் பெரியவன் சின்னவன் கிடையாது என்று முதல் நாள் சாயங்காலம் தலைமை சார் நெருப்பைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். நாங்கள் நெருப்புக்கு விறகு போட்டுக்கொண்டே கேட்டோம். மறுநாள் காலையில் ஒரு பிள்ளை கை கழுவத் தண்ணி கேட்டது. பக்கத்திலிருந்த இன்ஸ்ட்ரக்டர் சொன்னார், "ஹெல்ப்பர்கிட்ட கேளு." அந்தப் பிள்ளைக்கு என்னைவிட எட்டு வயசாவது கம்மி. "ஹெல்ப்பர், தண்ணி" என்றது. பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னது.

முதல் நாள் வகுப்பிலேயே குழி பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள். அமெரிக்காவில் 'தடம் விடாதே' என்று ஒரு கொள்கை. காட்டுக்குப் போகிறவன் தான் வந்துபோன அடையாளமே இல்லாமல் திரும்ப வேண்டும். வெளிக்குப் போக வேண்டுமானால் தண்ணீர் இருக்கிற இடத்திலிருந்து 200 அடி தள்ளிப் போக வேண்டும். அவரவர் ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் அவரவரே மண் போட்டு மூட வேண்டும். பிள்ளைகளுக்குச் சின்னதாக ஆளுக்கொரு மண் கரண்டிகூட வைத்திருந்தார்கள். வகுப்பில் எடுத்துக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் போவதற்கு நானும் தம்பியும் மம்பட்டி கடப்பாரையோடு முதல் நாளே வெட்டி வைத்த குழிதான். ரெண்டடி ஆழம், ஒரு அடி அகலம், ஆறடி நீளம். சுற்றிலும் சாக்குப் படுதா. பக்கத்தில் தோண்டிய மண் குவியலாக இருக்கும். போனவர்கள் ஒரு கை மண் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. நாற்பது பிள்ளைகளில் நாலு பேர் தள்ளியிருந்தால் அதிகம். இன்ஸ்ட்ரக்டர்களும் தள்ளவில்லை. தினம் காலையில் எட்டு மணிக்கு, பிள்ளைகள் பறவை பார்க்கப் போனதும், நாங்கள் போய் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு மூடுவோம். திரும்பி வரும்போது இடம் சுத்தமாக இருக்கும். தடம் இருக்காது.

1908இல் பேடன் பவல் எழுதிய சாரணர் புத்தகத்தைப் பின்னால் ஆசிரியர் பயிற்சியில் படித்தேன். முகாம் போட்டதும் கழிப்பிடக் குழி வெட்டுவதைப் பையன்களின் வேலையாகத்தான் அதில் சொல்லியிருக்கிறது. சீமையிலிருந்து கூடாரம் வந்தது, கயிறு வந்தது, விசில் வந்தது. மம்பட்டியை மட்டும் எங்க தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

பளியர் தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுமாடு எந்த வழியில் தண்ணிக்கு இறங்கும், எந்தக் கொடி கையில் பட்டால் அரிக்கும், மழை எந்தப் பக்கமிருந்து ஏறும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். இன்ஸ்ட்ரக்டர்கள் அவரிடம் கேட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஆனால் பாடம் எடுக்கும்போது அவர் பின்னால் நிற்பார். தேன் எடுக்கிறதைக் காட்டச் சொன்ன அன்றைக்குத் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். போட்டோ எடுக்கணும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. கழற்றி, மடித்து, ஒரு பாறை மேல் வைத்துவிட்டு ஏறினார். இறங்கி வந்ததும் முதலில் சட்டையைத்தான் தேடினார். சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "ஏப்பா, சட்டை போட்டா தேன் வராதா?"

ராத்திரி நெருப்பைச் சுற்றி டென்சிங் கதை சொல்வார்கள். 1953இல் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தவர். பிள்ளைகள் கை தட்டுவார்கள். 1935இல் அதே மலைக்கு அவர் முதன்முதலாகப் போனது மூட்டை சுமக்கிற ஆளாகத்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கும்.

இப்படி மூணு வருசம் போனேன். அந்தக் காசில்தான் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். அதனால் வாயைத் திறக்கவில்லை. 2001இல் திறக்க வேண்டி வந்தது.

மூணாம் நாள் ராத்திரி கோடை மழை கொட்டிவிட்டது. விடிஞ்சு போய்ப் பார்த்தால் குழி நிறையத் தண்ணி. எல்லாம் மிதக்கிறது. கரை இடிந்து கிடந்தது. தலைமை சார் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பக்கெட்ல மொண்டு அந்தப் பக்கம் ஊத்திடுங்கப்பா. பிள்ளைங்க எழுந்துடுவாங்க."

"சார், வேற எடத்துல புதுக் குழி வெட்டித் தர்றோம். இத மண்ணு போட்டு மூடிருவோம். மொள்ள மாட்டோம்."

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூணு வருசமாக எங்க சாதியைக் கேட்காதவர் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது. தம்பி மம்பட்டியைக் கீழே போட்டான். "நீங்க பழகிக்கங்க சார்" என்றான். பதினேழு வயசுப் பையன்.

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993லேயே வந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. சட்டம் தெரிந்து நாங்கள் மறுக்கவில்லை. எங்க பாட்டி கீழே டவுனில் கூடை சுமந்தவள். அவள் தலையில் வழிந்ததைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதுதான் எங்களுக்குச் சட்டம்.

விசயம் சமையல் பக்கம் போனது. தண்ணி சுமந்துகொண்டிருந்த ரெண்டு அண்ணன்களும் குடத்தை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதுவரைக்கும் அவர்கள் எங்கள் கையில் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. குழி வேலை எங்களுக்கென்று விட்டது மேஸ்திரி மட்டுமல்ல, அவர்களும்தான். மூணு வருசம் ஒரே கூடாரத்தில் படுத்தும் அந்த இடைவெளி இருந்தது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்று 1936லேயே அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு எங்க கூடாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு மத்தியானம் நாலு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணி குடித்தோம்.

சார்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அந்த வருசம் புதிதாக வந்திருந்த ஒரு இன்ஸ்ட்ரக்டர் அக்கா, அவருக்கும் இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், பெட்டியைத் திறந்து மண் கரண்டிகளை எடுத்தார். "வகுப்பில என்ன சொன்னோம்? அதைச் செய்வோம், வாங்க" என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்.

பிள்ளைகள் முகம் சுளிக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஓடையிலிருந்து 200 அடி என்று காலால் அளந்துகொண்டு கத்திக்கொண்டு ஓடினார்கள். என் குழிதான் ஆழம், உன் குழிதான் ஆழம் என்று சண்டை. வேர் குறுக்கே வந்தால் எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளை, பத்து வயசு இருக்கும், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணா, எட்டு இன்ச் வந்துடுச்சான்னு பாருங்க."

குழிக்குள் கையை விட்டுச் சாண் போட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. "போதும் பாப்பா" என்றேன். மூணு வருசத்தில் அந்தக் கேம்ப்பில் என்னை அண்ணா என்று கூப்பிட்ட முதல் பிள்ளை அதுதான். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கையில் மண் கரண்டி வந்ததும் தானாக வந்தது.

கேம்ப் முடிகிற வரைக்கும் அப்படியே நடந்தது. ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பணம் கட்டி அனுப்பியது என் பிள்ளை கக்கூஸ் குழி வெட்டவா என்று பெற்றவர்கள் சண்டைக்குப் போனதாக மேஸ்திரிதான் வந்து சொன்னார், அப்பாவைத் திட்டுவதற்கு நடுவில். அடுத்த வருசம் எங்களைக் கூப்பிடவில்லை. இன்னொரு காலனியிலிருந்து வேறு நாலு பேர் போனார்கள். அந்த அக்காவும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எஸ்டேட்டிலும் அப்பாவுக்கு ரெண்டு மாசம் வேலை நிறுத்தினார்கள். அப்பா ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. சினை ஆட்டை விற்று ஃபீஸ் கட்டினார்.

இப்போது நான் அரசுப் பள்ளியில் ஆசிரியர். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த தலைமையாசிரியர் கைதான செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்தச் சிரித்த முகம்தான் ஞாபகம் வந்தது. பழக்கம்தானே?

காட்டில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அன்றைக்கு முதலில் மேலே ஏறி ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024இல் நாற்பது மலைப் பாதைகளைத் திறந்தபோது உள்ளூர், பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தார்கள். அந்தப் பளியர் தாத்தா இருந்திருந்தால் அவர் பேரன் சீருடையோடு முன்னால் நடப்பதைப் பார்த்திருப்பார். இது சின்ன விசயம் இல்லை.

பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புகிறவர்கள் யானை வருமா, பாம்பு இருக்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அங்கே யார் குழி வெட்டுகிறார்கள், அவர்களை என் பிள்ளை என்னவென்று கூப்பிடும் என்றும் கேட்க வேண்டும். எட்டு நாளில் பிள்ளை படிக்கிற பாடங்களில் பறவையின் பெயர் மறந்துபோகும். யார் சுமந்தார்கள், யார் மூடினார்கள் என்பது மறக்காது.

போன வருசம் என் அக்கா மகன் பிள்ளைகளுக்கான ஒரு கோடைக் கேம்ப்பில் இன்ஸ்ட்ரக்டராகப் போய் வந்தான். முதுகில் 'ஸ்டாஃப்' என்று எழுதிய பனியனோடு வந்து நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"மாப்ள, அங்க கக்கூஸ் எல்லாம் யாரு பாத்தா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அதுக்கு வேற ஆளு மாமா."

அந்த வேற ஆளு எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பான் என்று நானும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.