கல்லைப் பழக்குதல்

மாட்டைப் பழக்குகிறோம். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குகிறோம். தோசைக்கல்லையும் பழக்குகிறோம். இரும்பு ஏதோ முரண்டு பிடிக்கிற பிராணி மாதிரி, கஞ்சி ஊற்றி, எண்ணெய் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவரவேண்டும். தோசை பிய்ந்து வந்தால் "கல்லு இன்னும் பழகல" என்பார்கள். யாரோடு பழகவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். கல் அப்பாயியோடு மட்டும்தான் பழகியிருந்தது.

அப்பாயி 1970களில் 'சிதம்பரம்' கப்பலில் சிங்கப்பூர் வந்தபோது துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கல் அது. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். பிறகு தேக்கா நிலையத்துக்கு மேலே, பஃப்ளோ ரோட்டு வீட்டில், அதற்கென்று ஓர் அடுப்பு ஒதுக்கப்பட்டது. கீழே மார்க்கெட், மேலே அப்பாயி. காலையில் கறிவேப்பிலை வாங்கிவர அம்மா கீழே போவார். கல்லைப் போட அம்மாவுக்கு அனுமதி இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா ஒருநாள் அதில் சப்பாத்தி சுட்டுவிட்டார். அன்று அப்பாயி பேசியதை அம்மா முழுசாக என்னிடம் சொன்னதே இல்லை. "என் கல்லுல கை வைக்காத" என்பது மட்டும் தெரியும். பார்க்கப்போனால் நியாயம் அப்பாயி பக்கம்தான். சப்பாத்திக்கு வறண்ட சூடு. எண்ணெய் இல்லாமல் கல் காயும்போது, மேலே இருக்கிற கருப்புப் படலம் எரிந்து உதிரும். அதனால்தான் பல வீடுகளில் தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு ஒரு கல். ஆனால் நியாயம் யார் பக்கம் இருந்தாலும், அடுத்த இருபது வருஷம் அம்மா அந்தக் கல்லைத் தொடவில்லை. நான்ஸ்டிக் வாங்கிக்கொண்டார். ஒரே சமையலறையில் இரண்டு தோசை. அப்பா அப்பாயி தோசையைத்தான் சாப்பிட்டார்.

அப்பாயி போன பிறகு கல் சிங்க்குக்கு அடியில் கிடந்தது. இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே எண்பது விழுக்காட்டுக்கு மேல். எண்ணெய் காணாத இரும்புக்கு அது போதும். வீடு மாறும்போது அம்மா சொன்னார்: "காராங்கூனிக்குப் போட்டுடு. முஸ்தபாவுல புதுசா எத்தனை வேணும்?" அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. கல்லை என் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

பாதிக் கல்லில் ஆரஞ்சுத் துரு. மீதியில் தார் ஊற்றியது போல அப்பாயியின் கருப்பு. துருவை மட்டும் சுரண்டிவிட்டு அந்தக் கருப்பை வைத்துக்கொள்ள முடியுமா? முப்பது வருஷத்துத் தோசை அது. தேக்காவில் ஒரு பாத்திரக்கடைப் பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "துரு மேல எண்ணெய் தடவினா, துருவத்தாம்மா பழக்குறீங்க" என்றார்.

அவர் சொன்னதில் வேதியியலும் இருக்கிறது. கல்லின் மேல் இருக்கிற கருப்பு, எண்ணெய் அல்ல, எண்ணெயாக இருந்தது. கடும் சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, சோப்பு போட்டாலும் போகாத கெட்டியான பாலிமர் படலமாகிவிடுகிறது. அந்தப் படலம் ஓர் இடத்தில் பிளந்தால் ஈரம் உள்ளே புகும். துரு அடியிலேயே ஓடும். ஆக, இரும்பு தெரிகிற வரைக்கும் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும்.

ஊரில் என்றால் விறகு நெருப்பில் போட்டு எரித்துவிடலாம். வீவக வீட்டில் அந்த வேலை நடக்காது. 2018 ஜூன் முதல் புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி வேறு கட்டாயம். தாளிப்புக்கே சிலநேரம் அலறும். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை, ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, கல்லை பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வைத்தேன். கழுவினால் காப்பிக் கஷாயம் மாதிரி தண்ணீர். அப்பாயி வடிகாலில் போய்க்கொண்டிருந்தார். மிச்சமிருந்த துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அரைமணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும்.

கடைசியில் சாம்பல் நிறத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வட்ட இரும்பு கையில் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வெறும் இரும்பு இங்கே சில நிமிடங்களில் மறுபடி துருப்பிடிக்கும். கழுவிய கையோடு அடுப்பில் ஏற்றிக் காயவைத்தேன்.

அப்புறம் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய்தான் சிறந்தது என்று இணையத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. அது கெட்டியாகப் படியும், ஆனால் செதில் செதிலாக உரிந்துவரும் என்ற புகாரும் உண்டு. நல்லெண்ணெய் மெதுவாகத்தான் இறுகும். நான் நல்லெண்ணெயே போதும் என்றிருந்தேன். சூடான கல்லில் பூசி, பூசியதை எல்லாம் திரும்ப எடுத்துவிடுகிற மாதிரி துணியால் துடைத்து, 230 டிகிரியில் ஒருமணி நேரம். ஆறவைத்து, மறுபடி. நாலு சுற்று. எண்ணெய் அதிகமானால் பிசுக்காக நிற்கும். பழக்குவதில் பாதி வேலை துடைப்பதுதான்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி எட்டிப்பார்த்துவிட்டு, புதுக் குவாலியில் கூச்சாய்த் தழையைப் போட்டுக் கருகும்வரை வதக்குவோம் என்றார். நம் வீடுகளில் வெங்காயம். பாதியாக நறுக்கி, எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது. இரண்டுக்கும் காரியம் ஒன்றுதான்: ஈரமுள்ள ஒரு காய், எண்ணெயை மெல்லிசாக, எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது.

இப்போது வார்ப்பிரும்புக் கல் மறுபடி நாகரிகமாகிவிட்டது. 'பழக்கிய கல்' என்றே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பாட்டி கைப்பக்குவம், பாரம்பரியம் என்று விளம்பரம். பாட்டியின் கல்லைத் தொட முடியாமல் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி எந்த விளம்பரத்திலும் வராது. பரம்பரைச் சொத்து என்றால் யாரோ கொடுத்தது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். யாருக்கோ கொடுக்காததும் அதில் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். முதல் இரண்டு தோசையை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு வந்து நின்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவங்க கல்லா?"

"ஆமாம்மா. ஆனா அவங்க போட்டதெல்லாம் போயிடுச்சு. இரும்பு மட்டும்தான் அவங்களுது."

விரல் நுனியால் கல்லின் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக்கொண்டார். "இப்படியா தேய்ப்பாங்க? நடுவுலேருந்து சுத்திக்கிட்டே வெளிய வரணும்." மணிக்கட்டு அப்பாயியின் மணிக்கட்டு மாதிரியே திரும்பியது. தண்ணீர் தெளித்தார். சத்தத்தைக் கேட்டு, தீயைக் குறைத்தார். மாவை ஊற்றினார். இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மூன்றாவது தோசை ஓரமெல்லாம் தானாக எழும்பி, முழுசாக வந்தது. அம்மா அதை என் தட்டில் போட்டார். அடுத்ததைத் தனக்கென்று ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"இதுல சப்பாத்தி மட்டும் போட்டுடாதடி."