வண்டிக்கும் ஒரு மூச்சு உண்டு



உங்களுள் பலரது வீட்டு முற்றத்தில் இன்று ஒரு ஹைபிரிட் கார் நின்றுகொண்டிருக்கலாம். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒன்றாக இயங்கும் இவ்வாகனங்கள், ஜப்பானியர் சில காலம் ஓட்டிவிட்டு விற்றவையாக நம் இலங்கைக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி பிறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் பெற்றோலுக்காக நாம் வீதியோரம் காத்துக் கிடந்த நாட்களையும் எவரும் மறந்திருக்க மாட்டோம். இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழியற்ற அக்காலத்தில், நான் என் அறியாமையினால் செய்த ஒரு பிழையையும் அதனால் கற்ற பாடத்தையும் இங்கே உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். நான் கலைப் பட்டதாரி. மத்ரஸாவில் பாடம் நடத்துபவன். பொறியியல் அறிந்தவன் அல்லன். ஆகவே எனக்குப் புரிந்த மொழியிலேயே சொல்கின்றேன்.

என் வண்டி 2010ஆம் ஆண்டு செய்யப்பட்ட டொயோட்டா பிரியஸ். 2019இல், இங்கே ஒருவர் பாவித்த பின்னர் நான் அதை வாங்கினேன். கதவின் உட்புறத்தில் ஜப்பானிய மொழியில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருந்தது. ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய அண்டைவீட்டு இளைஞர் அதைப் படித்துப் பார்த்து, “இது சப்போரோவில் ஓடிய வண்டி” என்றார். ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே பூச்சியத்திற்குக் கீழே நிற்கும் பனி நகரம் அது. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. பனியில் கிடந்த வண்டியாயிற்றே, அதன் பற்றரி எந்த அளவுக்குக் கெட்டுப் போயிருக்குமோ என்று எண்ணி எண்ணி மனம் நொந்தேன். அஞ்ச வேண்டியது எதுவோ அதை விட்டு, அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினேன் என்பது பின்னரே விளங்கிற்று.

என் உம்மாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். குறித்த நாட்களில் காத்தான்குடியிலிருந்து கண்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு இழைப்பும் உண்டு. குளிரூட்டியின் காற்று பட்டால் மூச்சு இரைக்கும். எனவே குளிரூட்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டே பயணிப்போம். பின்னிருக்கையில் அவர் சாய்ந்துகொள்ள ஒரு தலையணையும், பழைய பருத்திப் போர்வை ஒன்றை மடித்து இருக்கையின் ஓரத்தில் முட்டுக்கொடுத்தும் வைத்திருந்தேன். அந்த ஓரத்தில் பலகணி போன்ற ஒரு பிளாஸ்டிக் துவாரம் இருந்ததை நான் கண்டதுண்டு. அது ஏதோ அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன்.

2023 ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று வீசும் காலத்தில் எங்கள் பகுதியின் வெக்கை எத்தகையது என்பதைக் கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செங்கலடி, மகாஓயா கடந்து மகியங்கனையை அடைந்தபோது உச்சி வேளை. அங்கிருந்து பதினெட்டு வளைவுகள் எனப் பேர்பெற்ற மலைப்பாதையில் ஏறத் தொடங்கினோம். பின்னிருக்கைப் பக்கமாக விசிறி ஒன்று பேரிரைச்சலுடன் சுழல்வது கேட்டது. “மகன், பின்னால் என்னவோ சத்தம் போடுகிறது” என்றார் உம்மா. நான் பொருட்படுத்தவில்லை. மேலும் சில வளைவுகள் ஏறியதும் முகப்பில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி தன் வலுவை இழந்து தவழத் தொடங்கியது.

ஓரமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கண் பார்வை மங்கிய தாயை அந்த வெயிலில் ஒரு மரத்தடியில் அமர்த்திவிட்டு, செய்வதறியாது நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு பதைக்கின்றது. வண்டி சற்று ஆறிய பின்னர், மெல்ல மெல்ல ஊர்ந்து கண்டியை அடைந்தோம். அன்றைய கிளினிக் முடிந்துவிட்டது. மறுவாரம் வரும்படி சொல்லப்பட்டது. கண்ணில் அழுத்தம் உள்ளவருக்கு ஒரு வாரம் என்பது சிறு காலமன்று.

மறுநாள் ஹைபிரிட் வேலை தெரிந்த கராஜ் ஒன்றில் வண்டியைக் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் பின்னிருக்கைப் பக்கத்தைக் கழற்றி, பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியை வெளியே எடுத்தார். அதன் இறக்கைகளுக்கிடையில் தூசும் நூலும் பஞ்சும் களிமண்போல் அப்பிக் கிடந்தன. ஒரு நூலை இழுத்து என் கையில் தந்தார். “ஹஸரத், இது உங்கள் போர்வை நூல்தானே?” என்றார். தாயின் சுகத்திற்காக நான் வைத்த போர்வையே தாயை நடுவழியில் நிறுத்தியிருக்கின்றது!

அவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகின்றேன். இந்த வண்டியின் பெரிய பற்றரி நிக்கல் உலோக ஹைட்ரைட் வகையைச் சேர்ந்தது. 28 கட்டங்கள், கட்டத்துக்கு ஆறு கலங்களாக 168 கலங்கள். ஒரு கலத்துக்கு 1.2 வோல்ட்டு என்ற கணக்கில் மொத்தம் 201.6 வோல்ட்டு. ஏற்றத்தில் இது மின்சாரத்தைக் கொடுக்கின்றது. இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் மின்சாரத்தை வாங்குகின்றது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் சூடாகின்றது. அந்தச் சூட்டைத் தணிக்க விசிறி உள்ளிழுப்பது வெளிக்காற்றை அன்று. நாம் அமர்ந்திருக்கும் அறையின் காற்றையே. நாம் சுவாசிக்கும் காற்றையே பற்றரியும் சுவாசிக்கின்றது. உள்ளே அனல் என்றால் அதற்கும் அனல். அந்தத் துவாரத்தையும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? நடுவில் உள்ள கட்டங்களின் வெப்பம் வெளியேற இடமின்றி, அவையே முதலில் நலிவடைகின்றன. என் வண்டியிலும் நடுக்கட்டம் ஒன்றே பழுதாகியிருந்தது.

“அப்படியானால் சப்போரோவின் பனி இதற்குத் தீங்கு செய்யவில்லையா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நுவரெலியாவில் தேங்காயெண்ணெய் உறைவதைப் பார்த்ததில்லையா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழு விடயமும் விளங்கியது.

உறைந்த எண்ணெயை அடுப்படியில் வைத்தால் மீண்டும் இளகிவிடும், எண்ணெய் கெடுவதில்லை. குளிரும் பற்றரிக்கு ஏறத்தாழ இத்தகையதே. உள்ளே நிகழும் இரசாயன மாற்றங்கள் மந்தமாகின்றன. மின்னோட்டத்திற்கான தடை கூடுகின்றது. கொடுக்கும் வலுவும் வாங்கும் வலுவும் குறைகின்றன. வண்டியின் கணினி அதை உணர்ந்து எஞ்சினைக் கூடுதல் நேரம் ஓடவிடுகின்றது. எஞ்சினும் சூடேற வேண்டும், பயணிகளுக்கும் வெப்பம் வேண்டும். ஆகவே பெற்றோல் கூடுதலாகச் செலவாகின்றது. சுமார் 25 பாகை செல்சியஸில் ஓடுவதோடு ஒப்பிடும்போது, பூச்சியத்திற்குக் கீழே 7 பாகையில் ஹைபிரிட் வாகனத்தின் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 30 முதல் 34 சதவீதம் வரை குறையக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகின்றது. சாதாரண பெற்றோல் காரில் இக்குறைவு சுமார் 15 சதவீதமே. ஆயினும் பற்றரி சூடேறியதும் அதன் வலு திரும்பிவிடுகின்றது.

வெப்பமோ வெயிலில் வைத்த பாலைப் போன்றது. திரிந்த பால் மீண்டும் பாலாவதில்லை. வெப்பம் கூடக் கூட இரசாயன மாற்றங்களின் வேகமும் கூடுகின்றது. 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. தொடக்கத்தில் இது நன்மைபோல் தோன்றும். ஆனால் வேண்டாத மாற்றங்களும் அதே வேகத்தில் நடக்கின்றன. தகடுகள் அரிக்கப்படுகின்றன, உள்ளிருக்கும் திரவம் வற்றுகின்றது, சேமித்த மின்சாரம் தானாகவே இறங்குகின்றது. இந்த இழப்பு மீளாத இழப்பு. புதிய வண்டிகள் பலவற்றிலுள்ள லித்தியம் அயன் பற்றரிக்கும் வெப்பமே பெரும் பகை. கடுங்குளிரில் மின்னேற்றுவது அதற்குக் கூடுதல் தீங்கு என்றாலும், நம் நாட்டில் அத்தகைய குளிருக்கு இடமில்லை.

ஆக, குளிர் பற்றரியைச் சோம்ப வைக்கின்றது. வெப்பம் அதன் ஆயுளைத் தின்கின்றது. சப்போரோவின் பனி என் வண்டிக்குச் செய்யாததைக் கச்சான் காற்றும் என் கவனக்குறைவும் சேர்ந்து செய்தன.

பழுதான கட்டத்தை மாற்றித் தந்தபோது அந்த இளைஞர் ஒன்றை மறைக்காமல் சொன்னார்: “மற்றக் கட்டங்களும் இதே வயதுடையவைதான். இது முடிவான வைத்தியம் அல்ல.” நேர்மையான அச்சொல்லுக்கு நான் கடமைப்பட்டுள்ளேன். அன்று முதல் சில பழக்கங்களைக் கைக்கொண்டு வருகின்றேன். நீங்களும் கைக்கொள்ளலாம்.

வண்டியை இயன்றவரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் புறப்படாமல், கதவுகளைத் திறந்து அனலை வெளியேற விடுங்கள். பின்னிருக்கையருகே உள்ள காற்றுத் துவாரத்தைத் துணி, பை, புத்தகம் எதனாலும் மறைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெக்கை மிகுந்த நாளில் குளிரூட்டி உங்களுக்கு மட்டுமன்றிப் பற்றரிக்கும் தேவை. ஆண்டுக்கொரு முறையேனும் விசிறியைத் துப்புரவு செய்வியுங்கள். ஆனால் நீங்களே கழற்ற முனையாதீர்கள். 200 வோல்ட்டு உயிரைப் பறிக்கக்கூடியது. பின்னாலிருந்து விசிறியின் இரைச்சல் கேட்டால் அதை வண்டியின் முறையீடாகக் கொள்ளுங்கள்.

இப்போது குளிரூட்டியை மிதமாக வைத்து, அதன் காற்று உம்மாவின் மீது நேரே படாதவாறு திருப்பிவிடுகின்றேன். அவருக்கு இழைப்பு வருவதில்லை. போர்வை அவர் மடியில் இருக்கின்றது. தவறிய அந்தக் கிளினிக்கினால் பார்வைக்குப் பெரிய பாதிப்பு நேரவில்லை என்று மறுவாரம் வைத்தியர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. இன்றும் புறப்படுமுன் உம்மா தம் கையால் இருக்கையின் ஓரத்தைத் தடவிப் பார்க்கின்றார். துவாரம் கைக்குத் தட்டுப்பட்டதும், “மறைக்கவில்லை மகன், போகலாம்” என்கின்றார்.

பார்வை மங்கிய அவருக்குத் தெரிவது, கண்ணுள்ள நமக்கும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?