யார் தலையில் அடித்த சத்தியம்

தேர்தல் முடிவு வந்த மூன்றாம் நாள். 2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை. சமயநல்லூரில் பெரியம்மா வீட்டு வராண்டாவில் வழக்கம்போல வார வழிபாடு நடந்தது. சிவப்புச் சேலை கட்டிய பதினான்கு பெண்கள். நடுவில் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி படம், பக்கத்தில் பங்காரு அடிகளார் படம், கலசம், வேப்பிலை. தமிழில் போற்றி சொல்லி, கற்பூரம் காட்டி, தொன்னையில் சுண்டல் கைக்கு வந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

நான் சுண்டலுக்காகப் போகிறவள். சாமி கும்பிடுவதை இருபது வயதில் விட்டுவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வேலை முடிந்து வந்தால், அம்மா உட்கார்ந்திருக்கும் அந்த வராண்டாவின் ஓரத்தில் போய் உட்காருவேன். ஊரில் பெண்கள் ஆண் துணையில்லாமல், அவசரமில்லாமல், ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பெரியம்மாவுக்குக் கோபம். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் புதுச்சேரியையும் தி.மு.க. கூட்டணி ஜெயித்திருந்தது.

"சாமி இல்லன்னு சொல்ற கூட்டத்துக்கு ஓட்டைப் போட்டுட்டு, எந்த முகத்தோட வந்து இங்க விளக்கேத்துறீக?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. கலசத்தைப் பார்த்துக் கேட்டார்.

தையல்கார அத்தை சும்மா இருக்கவில்லை. "போன அக்டோபர்ல அம்மா சித்தியானப்ப அரசு மரியாதை குடுத்து அனுப்பி வச்சது யாரு? அந்தக் கூட்டந்தான?" பங்காரு அடிகளாரை இவர்கள் அம்மா என்றுதான் சொல்வார்கள். 2023 அக்டோபர் 19 அன்று அவர் இறந்தபோது இந்த வராண்டாவில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அது ஓட்டுக்காகக் குடுத்த மரியாதை."

"அப்ப கோயில் கட்டுனது? ஜனவரியில கும்பாபிஷேகம் பண்ணுனாங்களே, அயோத்தியில? அது எதுக்காம்? அந்த ஊர்க்காரனே ஓட்டுப் போடலையே!"

பைசாபாத் தொகுதியைத்தான் சொன்னார். அயோத்தி அதற்குள்தான் இருக்கிறது. பொதுத் தொகுதியான அங்கே சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத், ஒரு தலித், ஜெயித்த செய்தியை மூன்று நாளாக டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி சுண்டலை அத்தையின் தொன்னையில் போட்டார். அந்த வராண்டாவில் சண்டை அப்படித்தான் நடக்கும்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் ராமர் படம் செருப்படி பட்டது. மார்ச்சில் தேர்தல். காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணியில் நின்றார்கள். ராமரை அடித்தவர்களுக்கா உங்கள் ஓட்டு என்று சுவரெல்லாம் கேள்வி. தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது. அம்மாச்சி அந்த வருஷமும் புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் தளிகை போட்டாளாம், உதயசூரியனுக்கும் குத்தினாளாம். கேட்டவர்களிடம், "ராமர் கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ எதுக்குக் கேக்குற?" என்றாளாம். அம்மா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பக்தி வேறு, ஓட்டு வேறு என்று அந்தக் கதைக்கு நான் எளிதாகப் பொருள் எழுதி வைத்திருந்தேன். அது அவ்வளவு எளிதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

பேச்சு ஓய்ந்த நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு குரல். "சக்தி, ஒண்ணு கேக்கணும்." மன்றத்தில் ஒருவரை ஒருவர் சக்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கிராமத்தின் காலனியிலிருந்து வரும் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். ஒரு மாதமாக வழிபாட்டுக்கு வரவில்லை. மகனுக்கு டைபாய்டு காய்ச்சல், மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். பையன் தேறிவிட்டான். அவள் தேறவில்லை.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி ஒரு கட்சிக்காரர்கள் காலனிக்கு வந்திருக்கிறார்கள். தலைக்கு முந்நூறு ரூபாய். காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு விளக்கை நீட்டி, அதன்மேல் கைவைத்து, பிள்ளை பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். இவளும் பண்ணியிருக்கிறாள். ஏப்ரல் 19 அன்று உள்ளே போய், தான் முன்பே நினைத்து வைத்திருந்த சின்னத்தில் அழுத்திவிட்டு வந்துவிட்டாள். மே கடைசியில் பையனுக்குக் காய்ச்சல்.

"பொய்ச் சத்தியத்துக்குத்தான் புள்ளைக்கு வந்துச்சா? பரிகாரம் எதும் செய்யணுமா?"

ஒருத்தரும் உடனே வாய் திறக்கவில்லை.

ஓட்டுக்குக் காசு எங்கள் பக்கத்தில் செய்தியே இல்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, திருமங்கலம் ஃபார்முலா என்று நாடே பேர் வைத்துவிட்டது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரில், 2019இல் வேலூரில் பணப் பட்டுவாடாவுக்காக வாக்குப்பதிவையே நிறுத்தினார்கள். ஆனால் இந்தப் பேச்சுகளில் ரூபாய் வரும், விளக்கு வராது. காசு வாங்கிய பெண்ணைப் பற்றிச் சிரிப்பார்கள். அவள் கையை எதன்மேல் வைக்கச் சொன்னார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

"வாங்கியிருக்கவே கூடாது" என்றார் பெரியம்மா. "வாங்குனா சத்தியத்துக்குக் கட்டுப்படணும்."

"வாங்காம எப்படி இருக்குறது?" என்றாள் அவள். "வேண்டாம்னா எதிர்க்கட்சின்னு எழுதிக்குவாக. நூறு நாள் வேலைக்கு அவுக கிட்டத்தான் போய் நிக்கணும். வாங்கிக்கிட்டாத்தான் நம்ம மனசுல இருக்குறது வெளிய தெரியாது."

நான் படித்த எந்தத் தேர்தல் அலசலிலும் இது இல்லை. வாங்கினால் விலைபோனவள், மறுத்தால் நேர்மையானவள் என்றுதான் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். மறுப்பது என்பதே தன் ஓட்டைத் தெருவில் சொல்வதாகிவிடும் ஒருத்திக்கு, வாங்குவதுதான் ரகசியத்தைக் காப்பாற்றும் வழி. காசுக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் விளக்கோடு வருகிறார்கள். பூத்துக்குள் கட்சி ஏஜென்டின் கண் எட்டாத இடத்துக்குச் சாமியின் கண்ணை அனுப்பி வைக்கிறார்கள்.

"அது எங்க ஊரு அம்மன் கோயில் விளக்கு" என்றாள் பிறகு, தலையைக் குனிந்துகொண்டே. "அந்தக் கோயிலுக்குள்ள எங்கள விடமாட்டாக. வெளிய நின்னுதான் கும்புடுவோம். அன்னைக்குத்தான் அந்த விளக்கை மொதமொதலாத் தொட்டேன்."

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அந்தக் கோயிலுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், எண்பத்தைந்து வருஷம் கழித்து, ஓட்டு வேண்டியிருந்த ஒரு ராத்திரி மட்டும் விளக்கு தானே கோயிலைவிட்டு வெளியே வந்திருக்கிறது.

சுண்டலுக்கு வந்து உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு டீச்சர், கிறிஸ்தவர், மெல்லச் சொன்னார்: "எங்க சபையில யாருக்குப் போடணும்னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஜெபிக்கிற விதத்துலயே நமக்குப் புரிஞ்சிரும். மாத்திப் போட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்கறப்ப எனக்கும் கை நடுங்கியிருக்கு."

வீட்டுக்குப் போனதும் அன்றிரவு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1951ஆம் வருஷத்துச் சட்டம். அதன் 123ஆம் பிரிவு ஊழல் நடவடிக்கைகள் எவை என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் லஞ்சம். அடுத்தது தகாத செல்வாக்கு. தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஒரு வாக்காளரை நம்பவைப்பதும், நம்பவைக்க முயல்வதும் இந்த இரண்டாவதில் சேரும். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது தனியாக மூன்றாவது. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்றார்கள். மேடையில் சொன்னால் வழக்குப் போடலாம். காலனி வாசலில், ராத்திரி, பிள்ளை பேரைச் சொல்லி விளக்கின்மேல் வைக்கப்பட்ட கைக்குச் சாட்சி யார்? அந்தப் பெண்ணும் அவள் பயமும்தான்.

ஆனால் அன்று வராண்டாவில் சட்டம் பேசப்படவில்லை. பேசியது என் அம்மா. அவள் அங்கே அதிகம் பேசுகிறவள் இல்லை.

"எம்பது ஒம்போது எலக்‌ஷன்ல" என்று ஆரம்பித்தாள். 1989 ஜனவரி. எம்.ஜி.ஆர். இறந்து, அ.தி.மு.க. இரண்டாகி, இரட்டை இலை முடங்கிக் கிடந்த தேர்தல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். அப்பா வேறு ஒரு கட்சியில் தீவிரமாக இருந்தார். "இவுக அப்பா ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் முந்தின நா ராத்திரி எங்கிட்டச் சத்தியம் வாங்குவாரு. இவ தலையில கைய வச்சு."

என் தலையைத்தான் சொன்னாள். எனக்கு அப்போது பத்து வயது.

"நான் சேவலுக்குக் குத்துனேன். பொம்பள ஒருத்தி நிக்கிறாளே, பாப்பமேன்னு. மறுவாரம் இவளுக்கு மஞ்சக்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. நான்தான் என் புள்ளையக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்ல முடியல. அவருகிட்டச் சொன்னா ஓட்டு தெரிஞ்சிரும். மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அங்கப்பிரதட்சணம் நேந்துக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டாக. புள்ளைக்கு ஒடம்புக்குன்னேன்."

அந்த அங்கப்பிரதட்சணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஈரச் சேலையோடு அம்மா உருள, நான் கூடவே நடந்தேன். என் உடம்புக்காக என்றுதான் முப்பத்தைந்து வருஷம் நினைத்திருந்தேன்.

"அப்புறம்?" என்றாள் அந்தப் பெண்.

"அப்புறம் என்ன, அடுத்த எலக்‌ஷனுக்கும் சத்தியம் கேட்டாரு. பண்ணுனேன். எனக்குப் புடிச்சதுக்குத்தான் போட்டேன். இவளுக்குக் காய்ச்சல் வரல. அவரு போற வரைக்கும் அப்படித்தான்." கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சத்தியம் கேக்குறவனுக்குத்தான்டி அது பாவம். புள்ளை தலையக் கேக்குறான்ல."

என்னுடைய முதல் உணர்ச்சி கோபம். அப்பா மேல் இல்லை, அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. என் மேல். பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடைத்த வரலாற்றை நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். 1921இல் சென்னை மாகாணம் சொத்துள்ள பெண்களுக்கு முதலில் கொடுத்தது. முதல் பொதுத்தேர்தலில், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டுமே சொல்லித் தன் பெயரைச் சொல்லாத 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2024இல் தமிழ்நாட்டில் பெண் வாக்காளர் 3.17 கோடி, ஆண்களைவிடப் பத்து லட்சத்துக்கு மேல் அதிகம். இவ்வளவும் எனக்குத் தெரியும். எங்கள் சமயநல்லூர் 2008 மறுசீரமைப்புக்கு முன் தனித்தொகுதியாக இருந்ததும், 2006இல் இங்கே ஜெயித்த தமிழரசி என்ற பெண் அமைச்சரானதும் தெரியும். என் தலை என் அம்மாவின் ஓட்டுக்குப் பணயமாக இருந்தது மட்டும் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. பக்தி உள்ளவள், புருஷன் சொன்னதற்குத்தான் போடுவாள் என்று நானே எழுதிவைத்துவிட்டேன்.

மேல்மருவத்தூருக்கு இவர்கள் ஏன் போகிறார்கள் என்றும் நான் கேட்டதில்லை. அங்கே பெண்கள் கருவறைக்குள் போகலாம், தாங்களே பூஜை செய்யலாம், மாதவிலக்கு தடை இல்லை. சபரிமலைக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நாடு கொந்தளித்தபோது, இவர்கள் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்த காரியம் அது. அங்கேயும் பீடத்தில் இருந்தவர் ஓர் ஆண்தான். அதை மறக்கவில்லை. ஆனால் ஊர்க்கோயில் வாசலில் நிற்கவைக்கப்பட்ட பெண்ணும், வாசலில் நிற்கவைத்த சாதியில் பிறந்த என் பெரியம்மாவும் ஒரே கலசத்தைச் சுற்றி உட்கார்கிறார்கள். இங்கிருந்து காலனி வீட்டில் பெரியம்மா தண்ணி குடிப்பாரா என்பது வேறு கேள்வி. அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று முடிவு என்று எதுவும் எட்டவில்லை. சத்தியம் சத்தியம்தான் என்று பெரியம்மா கடைசிவரை சொன்னார். சாமி இல்லை என்பவர்களுக்கு ஓட்டில்லை என்பதிலும் மாறவில்லை. தையல்கார அத்தை மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அதுவும் ஓட்டுக்குக் காசுதானே என்று ஒருத்தி கேட்க, அது சட்டப்படி எல்லாருக்கும் தெரிய வருவது, ராத்திரி விளக்கோடு வருவதில்லை என்று டீச்சர் சொல்ல, அது இன்னொரு வெள்ளிக்கிழமைக்கான சண்டையாக மிச்சமானது.

எல்லோரும் எழுந்த பிறகு பெரியம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். பரிகாரம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

"விளக்கு மங்குது பாரு. நீயே ஊத்து" என்றார். "சத்தியமெல்லாம் வேணாம். சும்மா தொடு."

அவள் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று வேகமாக நடந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், இந்தத் தடவை யாருக்குப் போட்டாய் என்று. வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 19 மீனாட்சி பட்டாபிஷேக நாள். காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு, சாயங்காலம் பட்டாபிஷேகம் பார்க்க மதுரைக்குப் போய்விட்டாள். அதனால் அன்று கேட்கவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பனுக்கே சொல்லல" என்றாள்.