வெயிலைச் சேமிக்கும் உப்பு

வெள்ளகோவிலில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை. கொப்பரைக் களங்களில் காலை முதல் மாலை வரை சூரியன் கூலி கேளாமல் வேலை செய்கிறான். கூலி கேளாதவன் ஆகையால் ஆறு மணிக்குமேல் அவனை நிறுத்திவைக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் அடுப்பு மூட்டும் நேரம் வருகிறது. விசைத்தறியிலும் எண்ணெய் ஆலையிலும் பகலெல்லாம் நின்றுவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்களுக்கு விறகை விட்டால் எரிவாயு உருளைதான் கதி. பகலில் களத்தில் கொட்டிக் கிடந்த உஷ்ணத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்க முடியாதா?

முடியும் என்கிறது சாஸ்திரம். மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து போவதையும், அதைக் கையில் வைத்துக்கொண்டால் இளகுவதையும் அறியாதார் இல்லை. இளகும்போது அது நம் கையின் சூட்டை உண்கிறது. உறையும்போது உண்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதை உள்ளுறை வெப்பம் என்று சொல்லும். இவ்விதம் உண்டு கக்குவதில் லித்தியம் சேர்ந்த உப்புக்களுக்கு நிகர் குறைவு. லித்தியம் என்பது 1817-ல் ஸ்வீடன் தேசத்து ஆர்ஃப்வெட்சன் கண்டுபிடித்த மிக லேசான உலோகம். லித்தியம் நைட்ரேட் சுமார் 255 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருகுவதற்கு உண்ணும் உஷ்ணம், ஒரு லிட்டர் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து மிச்சமும் இருக்கும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலைப் பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்சன் இந்த உப்பைக் கொண்டே ஓர் அடுப்பு செய்ய யோசனை சொன்னார். பெரிய வில்லை ஒன்றினால் வெயிலைக் குவித்து உப்பை உருக்கினால், 25 மணி நேரம் வரை சமையலுக்கு வேண்டிய சூடு தங்கும் என்பது அவர் கணக்கு. விறகு வெட்டிக் காடு அழிவதையும் புகையில் பெண்கள் கண் கசிவதையும் எண்ணிப் பார்த்தால், அது நல்ல மனத்தில் உதித்த யோசனை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் உபாத்தியாயர் புத்தி கணக்குப் போடாமல் விடுமா? நம் வீட்டில் 14.2 கிலோ எரிவாயு உருளை சுமார் ஒரு மாதம் வருகிறது. ராத்திரிச் சமையல் அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்து, அடுப்பில் வீணாகும் சூட்டைக் கழித்துப் பார்த்தோம். சேமிப்பில் கசியும் உஷ்ணத்துக்கும் இடம் விட்டால் ஒரு வீட்டுக்குச் சுமார் 15 கிலோ லித்தியம் நைட்ரேட் வேண்டும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு லித்தியம். ஆக, ஒன்றரைக் கிலோ. அந்த ஒன்றரைக் கிலோவை மின்கலமாக்கினால் நான்கு மின்சார ஸ்கூட்டர்கள் ஓடும்! அடுப்பில் உப்பாக இருந்து சேமிப்பதைப்போல் ஏழெட்டு மடங்கு சக்தியை அதே லித்தியம் மின்கலத்தில் சேமிக்கும். பட்டுப் புடவையைக் கரித்துணியாக்கலாமா? போதாததற்கு, நைட்ரேட் உப்பு எண்ணெயோடும் விறகுத் தூளோடும் சேர்ந்தால் நெருப்பைத் தூண்டிவிடும். எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் வைக்கத் தக்க சரக்கு அன்று.

எடை குறைவாயிருக்க வேண்டிய இடத்தில்தான் லித்தியத்துக்கு மரியாதை. 1994-ல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் லித்தியம் புளோரைடை உருக்கியும் உறையவிட்டும் பரீட்சை செய்தார்கள். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் விலை உண்டு. நம் அடுப்போ ஊர்வலம் போவதில்லை. அது கனமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ராஜஸ்தானத்தில் அபு ரோடு அருகே பிரம்மகுமாரிகள் ஸ்தாபனத்தார் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். 2017-ல் இயங்கத் தொடங்கிய அவர்களுடைய நிலையத்தில் 60 சதுர மீட்டர் கண்ணாடிக் கிண்ணங்கள் 770 இருக்கின்றன. அவை குவிக்கும் வெயிலைச் சேமிப்பது உப்பன்று, வார்ப்பிரும்பு. சூரியன் மறைந்த பிறகும் அந்தச் சூட்டில் நீராவி எழுந்து மின்சாரம் வருகிறது.

அதே வழியில் நம் வீட்டுக் கணக்கைத் திருப்பிப் போட்டோம். 300 டிகிரிக்குச் சூடேறி 150-க்கு இறங்குவதானால், சுமார் 80 கிலோ இரும்பு போதும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற சாமான்தான். இட்லிக்கு வேண்டியது 100 டிகிரி ஆவியே அல்லவா?

இதையெல்லாம் வீட்டில் விஸ்தாரமாகச் சொன்னபோது நம் மனையாள் வேறொரு சிக்கலைக் காட்டினாள். "தறிக்குப் போகிறவள் பகலில் வீட்டில் இருக்கமாட்டாளே! வெயில் நகர நகரக் கண்ணாடியை யார் திருப்புவார்கள்?" அபு ரோட்டில் யந்திரமே திருப்புகிறது. ஒரு தெருவுக்குப் பொதுவாக ஒரு கண்ணாடியும் ஒரு சிறு மோட்டாரும் வைத்தால் எவ்வளவு செலவாகும் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.