எங்க காரை வாங்கிடாதீங்க!

தன் கடைச் சரக்கை வாங்காதீங்கன்னு சொல்ற முதலாளியை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா மக்களே? ஒருத்தர் சொன்னார். ஃபியட் கிரைஸ்லர் கம்பெனியின் தலைவராக இருந்த செர்ஜியோ மார்க்கியோன்னே. 2014-ல், வாஷிங்டனில், மேடையிலேயே. ஃபியட் 500இ என்ற எலெக்ட்ரிக் கார் ஒண்ணு விற்றால் எங்களுக்கு 14,000 டாலர் நஷ்டம், அதனால நீங்க வாங்கமாட்டீங்கன்னு நம்புறேன்னார் :-)

அப்புறம் ஏன்யா செஞ்சீங்க? கலிபோர்னியா அரசாங்கம் செய்யச் சொல்லுச்சு, அவ்வளவுதான்.

அந்த மாநிலத்தில் பெரிய கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகளுக்கு ஏற்ப, புகையே விடாத வண்டிகளுக்கான 'கிரெடிட்' கணக்கு காட்ட வேண்டியிருந்தது. இல்லேன்னா மத்த கம்பெனிகிட்ட காசு கொடுத்து கிரெடிட் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் இல்லேன்னா அபராதம். அதனால கணக்கு நேராகிற அளவுக்கு மட்டும் வண்டி செஞ்சாங்க. இதுக்கு 'கம்ப்ளையன்ஸ் கார்'னே பேர். 35 மார்க் வந்தா போதும்னு படிக்கிற பையன் மாதிரி.

இந்த விதி 1990-ல் வந்தது. 1998-ல் 2 சதவீதம், 2003-ல் 10 சதவீதம் என்பது திட்டம். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் ஈவி1 காரை இறக்கியது. விற்பனை கிடையாது, குத்தகை மட்டும். மொத்தமே 1,117 வண்டி. ஒரு கையால் வண்டியைக் கொடுத்துக்கிட்டே, இன்னொரு கையால் விதியைத் தளர்த்தச் சொல்லி கம்பெனிகள் மல்லுக்கட்டின. கோர்ட்டுக்கும் போனாங்க. 1996-லயும் 2003-லயும் விதி தளர்ந்தது. ஓட்டினவங்க விலைக்கே வாங்கிக்கறோம்னு கெஞ்சியும் கேட்காம, வண்டிகளைத் திரும்ப வாங்கி பெரும்பாலானதை நசுக்கிப் போட்டாங்க.

இதே மாதிரி விதிகள்தான் டெஸ்லாவுக்குச் சோறு போட்டன. 2020-ல் அந்தக் கம்பெனி முதன்முறையா முழு வருஷ லாபம் காட்டியது, சுமார் 72 கோடி டாலர். அதே வருஷம் கிரெடிட் விற்று வந்த காசு 158 கோடி டாலர். அதைக் கழிச்சா நஷ்டம்தான்!

ஆக, பெட்ரோல் வண்டியில சம்பாதிக்கிறவன் விதி எப்போ போகும்னு காத்திருக்கான். எலெக்ட்ரிக்கை மட்டுமே நம்பினவன் அதை முதலீடாக்கிட்டான். மானியம் எவ்வளவு என்பதைவிட எத்தனை வருஷம் நிக்கும் என்பதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. ஒரு புது காருக்குப் பல வருஷ உழைப்பு வேணும். ஆட்சி நாலு வருஷத்துல மாறிடும். அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச்சலுகை 2032 வரைன்னு 2022-ல் சட்டம் போட்டாங்க. 2025 செப்டம்பர் 30-ஓட முடிச்சிட்டாங்க. அந்த டிசம்பரிலேயே ஃபோர்டு தன் எஃப்-150 லைட்னிங் எலெக்ட்ரிக் பிக்கப் தயாரிப்பை நிறுத்துவதா அறிவிச்சது.

மானியமே வேண்டாம்னு சொல்ல வரலை. அது இல்லேன்னா டெஸ்லாவே தேறியிருக்காது. ஆனா இத்தனை வருஷம் உண்டு, இப்படிப் படிப்படியா குறையும்னு முன்னாடியே சொல்லி, சொன்ன சொல்லுல நிக்கணும்.

எங்க வீட்டுலயும் அடுத்த வண்டி எலெக்ட்ரிக்கான்னு பேச்சு ஓடுது. எல்லாரும் கேக்கறது "மானியம் எவ்வளவு?" நான் கேக்கறது வேற. மானியம் நின்ன மறுநாளும் இந்தக் கம்பெனி இந்த வண்டியைச் செய்யுமா? பத்து வருஷம் கழிச்சு பேட்டரி மாத்தப் போனா, கடையில ஆள் இருப்பாங்களா?

நீங்க என்ன நினைக்கறீங்க? சொல்லிட்டுப் போங்க.