மழை மறந்த கடற்கரை: லிமா (பெரு பயணத் தொடர்)

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. பெருவின் தலைநகர் லிமா 12 டிகிரி தெற்கே. கணக்குப்படி இங்கேயும் வெயில் கொளுத்த வேண்டும். ஆனால் ஆகஸ்ட் நடுப்பகலில், மிராஃப்ளோரஸ் பகுதியின் கடலோர மேட்டில், ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாதபடி வானம் முழுக்கச் சாம்பல் மேகம்.

காரணம், எதிரே விரிந்து கிடக்கும் பசிபிக்தான். இந்தக் கரையோரம் ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. கூடவே ஆழத்துக் குளிர்நீரும் மேலே வருகிறது. அதன் மேல் வரும் காற்று குளிர்ந்து தாழப் படிய, வெப்பக்காற்று அதற்கு மேலே மூடிபோட்டுவிடுகிறது. உயர வழியில்லாத மேகம் மழையாவதில்லை. கிழக்கே அமேசான் காட்டின் ஈரத்தையும் ஆண்டீஸ் மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சில மில்லிமீட்டர் மழை! ஆகஸ்ட் இங்கே குளிர்காலம்; 'கரூவா' என்னும் பொடித்தூறல் விழுகிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே நடந்தேன்; குடை பிடித்த ஒருவரையும் காணோம்.

நகருக்குள்ளேயே உவாக்கா புக்யானா என்ற மண் பிரமிடு நிற்கிறது. சுடாத மண்கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நிலம் நடுங்கினால் கற்கள் அசைந்து கொடுக்கும். 1,300 ஆண்டுகளுக்கு மேல் அது கரையாமல் நிற்கிறது. நம் ஊர் ஐப்பசி மழைக்கு எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

மிராஃப்ளோரஸின் கடலோர மேட்டிலிருந்து படியிறங்கினால் அதன் செங்குத்துச் சரிவைத் தொட்டே பார்க்கலாம். பாறையே இல்லை, மணலில் புதைந்த வழவழப்பான கூழாங்கற்கள், சில என் உள்ளங்கை அகலம். எல்லாம் ஆண்டீஸிலிருந்து ரீமாக் ஆறு உருட்டி வந்தவை. லிமாவே அந்த ஆறு கொட்டிப் பரப்பிய மேட்டில்தான் நிற்கிறது. கீழே அலை பின்வாங்கும்போதெல்லாம் கரைக்கற்கள் கடகடவென்று உருண்டன.

நகரம் பெரும்பாலும் குடிப்பதும் ரீமாக் தண்ணீர்தான். அந்தக் குழாய்நீர் எட்டாத மலைச்சரிவுக் குடியிருப்புகளில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். வசதியான மிராஃப்ளோரஸ்காரர்கள் லிட்டருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு விலை. இந்த அநியாயம் மனதை அறுத்தது. வில்யா மரியா தெல் திரியுன்ஃபோ பகுதியின் குன்றுகளில் மக்கள் கம்பங்களுக்கு இடையே நைலான் வலை கட்டி மூடுபனியையே பிடிக்கிறார்கள். வலையில் கோக்கும் துளிகள் அடியிலுள்ள குழாயில் வடிந்து தொட்டியில் சேர, அதை வைத்துக் காய்கறி போடுகிறார்கள்.

அடுத்த வாரம் ரீமாக்கின் கரையோடு ஆண்டீஸ் ஏறுவோம்.