340 / 380

மார்ச் 4, செவ்வாய்
கும்மிடிப்பூண்டியில் ஏறுவதில் ஒரே லாபம் ஜன்னல் சீட். லேபில் இன்றும் செல்கள் சரியாக ஒட்டவில்லை. கழுவும்போதே பாதி போச்சு. ஃப்யூரா சாயம் கொஞ்சம்தான் மிச்சம். மேடத்திடம் கேட்கவே பயம்.
அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. வாயுவாம்.

மார்ச் 6, வியாழன்
ஒட்டிவிட்டன! ஈய நைட்ரேட் விட்டதும் 340/380 விகிதம் ஏறியது. மேடம் எட்டிப் பார்த்து, "கால்சியமாக்கூட இருக்கலாமே?" எரிச்சல். ஆனால் நியாயம். 1985இல் ட்ஸியன் குழு ஃப்யூரா-2வைச் செய்ததே கால்சியத்துக்காக. ஈயத்தை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும், யாரும் கேட்காமலே.
அப்பாவுக்கு மறுபடி வயிறு. ஓமத்தண்ணி.

மார்ச் 7, வெள்ளி
இருட்டறை. கழுத்து விண்ணென்று வலிக்கிறது.
அப்பா சட்டையை அம்மா எங்கள் துணியோடு ஊறப்போட்டாள். கத்திவிட்டேன். "சிப்காட்ல பேட்டரி உருக்குற எல்லார் வீட்லயும் இப்படித்தான்டி." வாளித் தண்ணீர் சாம்பல் நிறம். இன்னும் பேசவில்லை என்னோடு.

மார்ச் 10, திங்கள்
டிபென் விட்டேன். கால்சியத்தை அது சட்டை செய்யாது, ஈயத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கோடு மளமளவென்று இறங்கியது. ஈயம்தான்! இரண்டு சமோசா தின்றேன்.
ரயிலில் தோன்றியது: ரத்தத்துக்கு ஃப்யூரா எதற்கு? ஈயம் மிஞ்சினால் சிவப்பணுவில் இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் துத்தநாகம் உட்காரும். அந்தச் சேர்மம் நீல ஒளி பட்டால் தானே சிவப்பாக ஒளிரும். அப்பா உடம்பே செய்துகொண்ட புரோப். கவரைப்பேட்டை வருவதற்குள் சந்தோஷம் போய்விட்டது.

மார்ச் 12, புதன்
தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் ரத்தம் எடுத்தார்களாம். தாள் எங்கே? "நார்மல்னு சொன்னாங்கம்மா." தாள் இல்லை. வயிறு இன்று தேவலையாம். வாயுவாகவே இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்
வெளி லேபில் ரத்தம் கொடுத்தோம். ஊசி போடும்போது அப்பா குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல்களில் லேசான நடுக்கம். பசி என்றார். மேடத்துக்குப் படம் அனுப்பவில்லை. நாளைக்கு.

மார்ச் 15, சனி
வயிறு. மறுபடி. ஓமத்தண்ணியைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்
ரிசல்ட். டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம் ஈயம். 5 தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. எங்கிருந்து வருகிறது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு நாளை முதல் ஷிப்டு.